மடியில் கனம்

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்று ஒரு சொலவடை உண்டு. எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேட்டி கட்டியவனுக்கு மடி என்பது ஒரு பெட்டகம். நாஞ்சில் நாட்டில் பழைய ஆட்கள் அதற்குள் வைக்காத சாமானே கிடையாது. ரூபாய் நோட்டு, வெத்திலைப் பொட்டலம், பொடி மட்டை, பாக்கு சீவ ஒரு பிச்சாத்தி. மடியில் பணம் இருந்தால் இருட்டில் நடக்கப் பயம், இல்லாதவன் பாட்டுப் பாடிக்கொண்டு போகலாம். சொலவடையின் கணக்கு அவ்வளவுதான்.

கைத்துப்பாக்கி அந்தக் கணக்கைத் திருப்பிப்போட வந்த பொருள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயமே இல்லை என்று அது சொல்கிறது. நூற்றிருபது வருடங்களாக அது விற்பனையாவது இந்த ஒரு வாக்குறுதியின் பேரில்தான். யூடியூபில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கக்காரர்கள் மேஜையில் உள்ளங்கை அளவுத் துப்பாக்கிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, எதை இடுப்பில் செருகினால் உறுத்தாது, எது சட்டைக்கு மேல் துருத்தித் தெரியாது, எது வியர்வையில் துருப்பிடிக்கும் என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். புதுச் செருப்பு வாங்கியவன் அனுபவம் சொல்கிற மாதிரி இருக்கும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. சுமந்தவன் அனுபவம் என்பது ஒரு நல்ல கேள்வி. அதே கேள்வியை நம் பக்கத்து வரலாற்றிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் துப்பாக்கிக்குத் தோக்கு என்று பெயர். மலையாளத்தோடு கலந்த வழக்கு. தோக்கு என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது கைத்துப்பாக்கி இல்லை. கீரிப்பாறை, பாலமோர் பக்கத்து எஸ்டேட்டுகளில் சுவரில் மாட்டியிருக்கும் நீளமான இரட்டைக்குழல்தான். தினமும் இடுப்பில் சுமந்த இரும்பு என்றால் அது பனையேறியின் பாளை அருவா. பெட்டியில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு மரம் ஏறுவார்கள். அது தொழில் சாமான். ஆயுதம் என்பது வேறு, அது அரசாங்கத்தோடும் சாதியோடும் சேர்ந்த விஷயம். பழைய திருவிதாங்கூரில் வாளோடு தெருவில் நடப்பது நாயர் படையாளின் உரிமை. மற்றவர்கள் அதைக் கண்டால் ஒதுங்க வேண்டும். புலியூர்க்குறிச்சியில் இன்றும் நிற்கிற உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் மேற்பார்வையில் பீரங்கி வார்த்தார்கள். 1741இல் குளச்சல் போரில் டச்சுக் கம்பெனிக்காகப் போரிட்டுத் தோற்றுப் பிடிபட்டு, மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவராகவே மாறியவர் அவர். அவருடைய கல்லறையும் அந்தக் கோட்டைக்குள்ளேதான் இருக்கிறது.

1809இல் எல்லாம் மாறியது. தலக்குளத்துக்காரரான திவான் வேலுத்தம்பி கம்பெனிக்கு எதிராகக் கிளம்பினார். கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணைத் தாண்டி உள்ளே வந்தது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை மாய்த்துக்கொண்டார். திருவிதாங்கூர் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. வாளோடு நடந்த காலம் அதோடு முடிந்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுக்க அதே காரியத்தை 1878இல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் செய்தது. இந்தியன் ஆயுதம் வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். சட்டத்தின் சாரம் இதுதான். இடுப்பில் இரும்பு இருக்கிறவன் ஆளுகிறவன், இல்லாதவன் ஆளப்படுகிறவன் என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நிலை.

அந்த நிலையைக் குலைத்தது ஒரு இயந்திர நுட்பம். ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, பெல்ஜியத்தில் லீஜ் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை 1900இல் சந்தைக்குக் கொண்டுவந்த கைத்துப்பாக்கி. அதற்கு முன்னால் ரிவால்வர்தான். ரிவால்வரில் தோட்டா இருப்பது சுழலும் உருளையில். அது நடுவில் வயிறு வைத்தது போலத் துருத்திக்கொண்டு நிற்கும், துணிக்கு மேலேயே தெரியும். பிரௌனிங் தோட்டாக்களைக் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒரு தோட்டா வெடித்ததும் அதன் வெற்றுக் கூடு பின்னால் உதைக்கிறது. அந்த உதையே மேல்பாகத்தைப் பின்னுக்குத் தள்ளி, கூட்டை வெளியே எறிந்து, வில் திரும்பும்போது அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிவிடுகிறது. ஏழு தோட்டாக்கள் கொண்ட மேகசின். துப்பாக்கியின் எடை 625 கிராம், மூன்று ஏத்தன்பழம் கனம். தட்டையானது. கோட்டுப் பையில் போட்டால் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் மாதிரிதான் இருக்கும்.

வெளியே தெரியாத ஆயுதம் கிடைத்ததும் உலகம் முழுக்க ஆளப்படுகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1904இல் ஹெல்சின்கியில் ரஷ்ய ஆளுநர் போப்ரிகோவைச் சுட்டது இந்த மாடல்தான். 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோ ஹிரோபூமியைக் கொரியாவின் ஆன் ஜங்-கூன் சுட்டதும் இதனால்தான். அதே 1909இல் லண்டன் இந்தியா ஹவுசின் சமையல்காரர் சதுர்புஜ் அமீன், அடியில் ரகசியத் தட்டு வைத்த பெட்டியில் இருபது பிரௌனிங்குகளை பம்பாய்க்குக் கொண்டுவந்தார். அனுப்பி வைத்தவர் சாவர்க்கர். டிசம்பர் 21ஆம் தேதி நாசிக்கில் ஒரு நாடகக் கொட்டகையில் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டது அந்த இருபதில் ஒன்றால்.

ஒன்றரை வருடம் கழித்து அதே பெயர் நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. 1911 ஜூன் 17, மணியாச்சி சந்திப்பு, காலை பத்தரை மணி வாக்கில். திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் ஆஷ் மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். கொடைக்கானலில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பயணம். தூத்துக்குடியிலிருந்து வர வேண்டிய போட் மெயிலுக்காக வண்டி காத்து நிற்கிறது. வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுடுகிறார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். சுட்டுவிட்டு பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து, அதே துப்பாக்கியால் தன் உயிரையும் போக்கிக்கொள்கிறார். வயது 25.

வாஞ்சியைத் திருநெல்வேலிக்காரர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவர் பிறந்த செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. வேலை பார்த்தது புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். எங்கள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் செங்கோட்டையும் சேர்ந்தது. அந்த வகையில் அவர் எங்கள் சமஸ்தானத்துக்காரர். இது ஊர்ப் பெருமைக்காகச் சொல்வதல்ல. துப்பாக்கி எப்படிக் கைக்கு வந்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்த எல்லைக்கோடுகள் முக்கியம். வாஞ்சி வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனது புதுச்சேரிக்கு. அங்கே லண்டனிலிருந்து தப்பி வந்த வ.வே.சு. ஐயர் இருந்தார், இளைஞர்களுக்குச் சுடப் பழக்கினார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஊர். திருவிதாங்கூரில் மகாராஜா ஆட்சி. 1878 சட்டம் இரண்டு இடத்திலும் நேராகச் செல்லாது. சட்டத்தின் வேலி எங்கெல்லாம் அறுந்திருந்ததோ அங்கெல்லாம் அந்தச் சின்னத் துப்பாக்கி நுழைந்து வந்தது.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்தபோது வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை முடக்கியதிலும், 1908 மார்ச்சில் திருநெல்வேலியில் நடந்த எழுச்சியை ஒடுக்கியதிலும் ஆஷுக்குப் பங்கு உண்டு. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் என்ன மனநிலையில் எழுதப்பட்டது, அதில் இருந்த சனாதனப் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. நடக்கட்டும். நான் கவனிப்பது வேறொன்றை. அந்த மேகசின் வெளியே எதிரிக்கென்று நிரப்பப்பட்டது. அதிலிருந்து ஒன்று நிரப்பியவனுக்கே செலவாயிற்று.

அதே 1911இல், ஆஷ் கொலைக்குச் சில வாரங்கள் முன்னால், நியூயார்க்கில் சல்லிவன் சட்டம் கையெழுத்தானது. மறைத்து வைக்கக்கூடிய அளவிலான துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம் என்றது அது. நீளத் துப்பாக்கியைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை, பைக்குள் போகிற துப்பாக்கிதான் கவலை. அந்த மாநிலத்தில் துப்பாக்கியைச் சுமந்து நடக்கத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற விதியை 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது. நீங்கள் பார்க்கிற வீடியோக்களின் பின்னால் இவ்வளவு நீளமான வழக்கு இருக்கிறது.

சின்னத் துப்பாக்கி என்பது சட்டத்துக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற மனிதனுக்கும் தெரியாத ஆயுதம். 1948 ஜனவரி 30 மாலை டெல்லி பிர்லா மாளிகையில் நடந்தது அதுதான். கும்பிட்டபடி வந்த கைகளில் இருந்தது இத்தாலியின் பெரெட்டா, 1934 மாடல், ஒன்றரைச் சாண் நீளம்கூட இல்லாதது. பத்து நாள் முன்னால் அதே இடத்தில் குண்டு வெடித்திருந்தது. அப்படியும் பிரார்த்தனைக்கு வருகிறவர்களைச் சோதனை போடக்கூடாது என்று காந்தி சொல்லிவிட்டார். அவர் இடுப்பில் தினமும் தொங்கியது ஒரு கடிகாரம். அவருடைய அஸ்தியில் ஒரு பங்கு எங்கள் கன்னியாகுமரிக் கடலுக்கு வந்தது. கரைக்கு முன்னால் அதை வைத்திருந்த இடத்தில் காந்தி மண்டபம் நிற்கிறது. அக்டோபர் 2 நண்பகலில் கூரைத் துளை வழியாகச் சூரியன் விழுகிற அந்தக் கல்லைச் சுற்றி வருடா வருடம் கூட்டம். அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு உள்ளங்கை இரும்பு எவ்வளவு தூரம் எட்டும் என்று தோன்றும்.

தமிழர்கள் மறக்காத இன்னொரு துப்பாக்கி 1967 ஜனவரி 12ஆம் தேதியுடையது. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரைப் பார்க்க எம்.ஆர். ராதாவும் தயாரிப்பாளர் வாசுவும் போனார்கள். பேச்சு நடந்தது. ராதா தன் ரிவால்வரால் எம்.ஜி.ஆரின் காதோரம் சுட்டார். அடுத்து தன்னையே சுட்டுக்கொண்டார். இரண்டு பேரும் பிழைத்தது அதிசயம். தோட்டாக்கள் பழையவை, வருடக்கணக்காக மேஜைக்குள் உருண்டு கிடந்ததில் வீரியம் போய்விட்டது என்று விளக்கம் சொன்னார்கள். கழுத்தில் கட்டோடு இருந்த எம்.ஜி.ஆரின் படம் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. அடுத்த மாதத் தேர்தலில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. எம்.ஜி.ஆரின் குரல் பழையபடி திரும்பவே இல்லை. ராதா சிறைக்குப் போனார்.

இதில் நாஞ்சில் நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. ஒழுகினசேரிக்காரரான எங்கள் என்.எஸ். கிருஷ்ணனையும் ராதா ஒருகாலத்தில் சுடக் கிளம்பியதாக ஒரு கதை சொல்வார்கள். 'இழந்த காதல்' நாடகம் படமானபோது தன்னை விட்டுவிட்டார் என்ற கோபம். கேள்விப்பட்ட கலைவாணர் தானாகவே ராதாவின் முன்னால் போய் நின்று பேசி, கோபத்தைக் கரைத்துவிட்டார் என்று கதை முடியும். சொல்கிறவருக்குத் தக்கபடி வசனம் மாறும். வசனம் எப்படி மாறினாலும், முதலில் ஒரு மனிதன் வெறுங்கையோடு நடந்து வர வேண்டும் என்பது மாறாது. ராமாவரத்தில் பேச்சு முடிவதற்குள் துப்பாக்கி வெளியே வந்துவிட்டது.

வாஞ்சி, ராதா. தமிழ்நாடு பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கிற இரண்டு கைத்துப்பாக்கிகள். ஒருவர் நாட்டுக்காக என்றார், மற்றவர் சொந்தக் கோபத்தில் போனார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் இரண்டிலும் சுமந்தவனின் பக்கமே குழல் திரும்பியது. இது நம் ஊர் விசித்திரம் மட்டுமில்லை. அமெரிக்காவில் 2022இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48 ஆயிரத்துக்கும் மேல், அதில் சுமார் 27 ஆயிரம் பேர் தற்கொலை. அன்றாடம் சுமக்கிறவர்களின் வீடியோவில் எதிரி எப்போதும் இருட்டுச் சந்திலிருந்து வருவான். கணக்குப் பார்த்தால் பாதிக்கு மேல் அவன் கண்ணாடியில் இருக்கிறான்.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். 1959 ஆயுதச் சட்டம் லிட்டன் சட்டத்தை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே உரிமம் என்றது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண ஆள் ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான், அதற்கு முன் மூன்று. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் வகை பொதுஜனத்துக்குத் தடை. மிச்சம் இருப்பதில் முக்கியமானது .32. அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் நமக்கு விற்கும் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்த அளவில்தான். பிரௌனிங் தன் முதல் துப்பாக்கிக்காக 1899இல் வடிவமைத்த அதே .32 தோட்டா, உலகத்தில் மற்றவர்கள் ஏறக்குறைய ஒதுக்கி வைத்த பிறகும், இந்தியக் கைத்துப்பாக்கிகளில் உயிரோடு இருப்பது சட்டத்தின் தயவால். 2014இல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. எடை அரைக்கிலோ, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். டெல்லி பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பிறகு வந்த பெயர் அது. மாலை வேலை முடிந்து பஸ் ஏறுகிற எந்தப் பெண்ணிடம் அந்தப் பணம் இருக்கும் என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் எனக்குத் தெரியும். மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஷீட் விற்ற பணத்தோடு இரவில் வர வேண்டியிருந்ததால் பல வருடம் முன்னால் உரிமம் வாங்கி ஒரு .32 ரிவால்வர் வைத்திருந்தார். அவரிடம் கேட்டேன், சுமந்த அனுபவம் எப்படி என்று.

"மக்கா, அத எங்க வைக்கதுன்னுதான் மொதப் பாடு. மடியில வச்சா வேட்டி எறங்குது. பெல்ட்டுல மாட்டுனா குனிய முடியல்ல. கோயிலுக்குப் போனா வெளிய வைக்க முடியாது, உள்ள கொண்டுபோகவும் முடியாது. கல்யாண வீட்டுல சாப்பாட்டுப் பந்தியில இருக்கும்போ ஒரு கை எலையில, ஒரு கை இடுப்புல. சின்னப் பிள்ளைய ஓடிவந்து மடியில ஏறும், பதறித் தள்ளி விடணும். ராத்திரி அலமாரிச் சாவிய எங்க வச்சோம்னு மூணு தடவ எழும்புவேன். ஒனக்க அத்தை கேட்டா, கள்ளன் வாறானா இல்லையான்னு தெரியாது, ஒமக்கு ஒறக்கம் போச்சேன்னு. அது நம்மளக் காக்கல்ல மக்கா, நாமதான் அதக் காக்கணும்."

தேர்தல் வரும்போதெல்லாம் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கௌரவத்துக்கு வைத்திருப்பவர்கள் அதற்கு முணுமுணுப்பார்கள். மாமாவுக்கு அது விடுமுறை. "ரெண்டு மாசம் நிம்மதியா ஒறங்குவேன்" என்றார். ஒருதடவை திருப்பி வாங்கப் போகவே சோம்பல்பட்டிருக்கிறார், ஸ்டேஷனிலிருந்து ஆள் விட்டார்களாம். கடைசியில் சட்டப்படி விற்றுவிட்டார். ஒருநாள்கூட அதை வெளியே எடுக்க வேண்டிவரவில்லை. பணம் இப்போது வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. மடியில் இருந்த பழைய கனமே இல்லாமல் போனபிறகு அதைக் காக்க வந்த கனம் எதற்கு?

மாமாவுக்கு வேலை வராதது அவர் அதிர்ஷ்டம். ஆயுதம் தேவைப்படுகிற நேரமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. 2020 ஜனவரி 8 இரவு எங்கள் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், களியக்காவிளை சோதனைச்சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் கொல்லப்பட்டார். நடந்து வந்தவர்களிடம் இருந்தது மறைத்து வைத்த கைத்துப்பாக்கி. களியக்காவிளை என்றால் சந்தை, பேருந்துகள், கேரள எல்லையின் சலசலப்பு. அந்த ஊரில் துப்பாக்கிச் சத்தம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. பல நாள் எங்கள் பக்கத்துப் பேச்சே அதுதான். எல்லாரும் இனி ஒன்று வாங்கி வைக்க வேண்டியதுதான் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் கேட்டார், "வாங்கி வச்சு? வாறவன் சொல்லிட்டா வருவான்?"

அந்தக் கேள்விதான் மறைத்துச் சுமக்கிற ஆயுதத்தின் முழுச் சிக்கலும். வருகிறவன் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறான், காத்திருப்பவனால் முடியாது. ஆஷோடு மனைவி இருந்தார், சுற்றிலும் சாம்ராஜ்யம் இருந்தது. ஜாக்சன் நாடகம் பார்க்க வந்திருந்தார். சின்னத் துப்பாக்கி தேடிப் போகிறவனுக்குத்தான் நன்றாக வேலை செய்கிறது. காத்திருப்பவனுக்கு அது ஒரு சுமை. விற்கிறவர்கள் இரண்டாவது ஆளிடம்தான் விற்கிறார்கள்.

வில்சனைச் சுட்ட துப்பாக்கியைச் சில நாட்களுக்குப் பிறகு எர்ணாகுளத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டிய சாக்கடையிலிருந்து போலீசார் எடுத்தார்கள். சுட்டவர்கள் அதை நெடுநாள் சுமக்கவில்லை. கையைவிட்டுப் போக வேண்டிய பொருளாகத்தான் அது அவர்களுக்கும் ஆகியிருந்தது.